கனவை யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் காப்பது?

சகோதரி, நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்கிறேன். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கடையின் கணக்குப் பகுதியில் வேலை செய்துகொண்டு, உங்கள் வீட்டுக் காணியிலேயே ஒரு சிறிய வெதுப்பகம் தொடங்குவதற்காகக் காசு சேர்த்து வருகிறீர்கள். அம்மாவைத் தவிர வேறு எவருக்கும் இதுவரை சொல்லவில்லை. உங்கள் ஜெபக்குழுவை நடத்துகின்ற அக்கா, மனதில் இருப்பதைக் குழுவுக்கு மறைப்பது அவிசுவாசம் என்கிறார். யோசேப்பு தன் கனவைச் சொன்னதாலேயே குழியில் விழுந்தான், ஆகவே வாயைத் திறக்கக்கூடாது என்று ஒரு பிரசங்கியார் சொன்னதைக் கேட்டிருக்கிறீர்கள். அம்மாவோ கண்ணூறு பட்டுவிடும் என்று பயப்படுகிறார். இத்தனைக்கும் நடுவில், "என் கனவை மறைத்து வைப்பது பாவமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாவமில்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதில் உங்களுக்குப் பயன்படாது. எவருக்குச் சொல்லியே ஆகவேண்டும், எவருக்குச் சொல்லத் தேவையில்லை, சொல்லாமல் இருக்கும்போது பொய்யில் விழாமல் எப்படி நடப்பது என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது என்று நினைக்கிறேன்.

நான் பாடசாலையில் கிறிஸ்தவ சமயம் படிப்பித்தவன். பின்பு உளவளத்துணைப் பயிற்சி பெற்று, பல ஆண்டுகளாகப் பிறர் சொல்வதைக் கேட்கும் பணியில் இருக்கிறேன். குருவானவன் அல்லன். வியாபாரமும் எனக்குத் தெரியாது. ஆகவே வேதாகமம் தெளிவாகச் சொல்வதையும், அதிலிருந்து நானாக ஊகிப்பதையும் பிரித்தே எழுதுகிறேன்.

யோசேப்பின் கதையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் உங்களைக் குழப்பியிருப்பது அதுதான். ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்தால், சகோதரரின் பகை கனவுக்கு முன்பே தொடங்கிவிட்டது தெரியும். அவர்களுடைய தவறுகளை யோசேப்பு தகப்பனிடம் கொண்டுபோய்ச் சொன்னான். தகப்பன் அவனுக்கு மட்டும் பலவருண அங்கி செய்து கொடுத்தான். அதனாலேயே அவனோடு அவர்களால் பட்சமாய்ப் பேச முடியாமல் இருந்தது. சகோதரர் தன்னை வணங்குவதாக அவன் கண்ட கனவு அந்தப் பகையைக் கூட்டியது. இது உறுதி. சொன்னதற்காகக் கடவுள் யோசேப்பைத் தண்டித்தார் என்று அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. சொல்லிவிட்டதால் கனவு கெட்டுப்போகவும் இல்லை: அதை அழிக்க நினைத்து இருபது வெள்ளிக்காசுக்கு விற்றவர்களின் செயலே அவனை எகிப்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது, பதினேழு வயதில் கனவு கண்டவன் முப்பது வயதில் பார்வோனுக்கு முன்பாக நின்றான். எனவே "சொன்னால் பலிக்காது" என்ற போதனை அந்தக் கதைக்கே எதிரானது.

ஆனாலும் அவன் பேச்சில் பக்குவம் குறைவாக இருந்தது என்பது என் ஊகம். இதைப் பலரும் ஏற்றுக்கொள்வார்கள். முதற் கனவைச் சொல்லி, அவர்கள் முகம் கறுத்ததைக் கண்ட பின்னரும், இரண்டாவது கனவையும் அதே ஆட்களிடம் போய்ச் சொன்னான். இதை அவனுடைய பிற்காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எகிப்தின் அதிபதியான பின்பு, தானியம் வாங்க வந்த சகோதரரை அவன் உடனே அறிந்துகொண்டான், ஆனால் தன்னை வெளிப்படுத்தவில்லை. தம்பி பென்யமீனைக் கண்டு மனம் பொங்கியபோது தனியறைக்குள் போய் அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். அவர்களுடைய மனம் மாறியிருப்பதைக் கண்ட பின்பே, "நான் யோசேப்பு" என்றான். அவர்களை வேவுகாரர் என்று குற்றஞ்சாட்டியதையெல்லாம் நான் நியாயப்படுத்த வரவில்லை. பேசவேண்டிய வேளை வரும்வரை பேச்சை அடக்கும் பலம் அவனுக்கு வந்திருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். அந்தப் பிரசங்கியார் இந்தப் பிற்பகுதியையும் சொல்லியிருந்தால் உங்களுக்கு உதவியாக இருந்திருக்கும்.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான வழிகாட்டி யோசேப்பு அல்லர், பாரசீக ராஜாவின் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியா என்ற யூதர். ஒரு கிறிஸ்தவர் ஒரு முயற்சியைத் தொடங்கும்போது, எதை எப்போது எவருக்குச் சொல்வது என்பதற்கு அந்தப் புத்தகத்தின் முதல் ஆறு அதிகாரங்களைப் போன்ற பாடம் வேறில்லை என்பது என் கருத்து. எருசலேமின் அலங்கம், அதாவது நகர மதில், இடிந்து கிடக்கிறது என்ற செய்தி கிஸ்லேவு மாதத்தில் அவருக்கு வருகிறது. நிசான் மாதத்தில்தான் ராஜாவிடம் வாய் திறக்கிறார். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம். அந்தக் காலத்தில் அவர் உபவாசித்து ஜெபித்தார் என்று முதல் அதிகாரம் சொல்கிறது. ராஜா கேட்டபோது மறைக்கவில்லை. எவ்வளவு காலம் வேண்டும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், வனக்காவலன் ஆசாப்பிடமிருந்து எதற்கெல்லாம் மரம் வேண்டும் என்று கணக்காகச் சொல்கிறார். ஜெபித்த நான்கு மாதத்தில் அவர் திட்டமும் போட்டிருக்கிறார் என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். பின்பு எருசலேமுக்கு வந்து மூன்று நாள் பேசாமல் இருந்து, சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு இராத்திரியில் அலங்கத்தைச் சுற்றிப் பார்க்கிறார். தேவன் தம் மனதில் வைத்ததை ஒருவருக்கும் அறிவிக்கவில்லை என்று அவரே எழுதுகிறார். இடிபாடு எவ்வளவு என்பதைக் கண்ணால் கண்ட பின்னரே ஊர் மக்களைக் கூட்டிச் சொல்கிறார். "எழுந்து கட்டுவோம்" என்று அவர்களும் சேர்கிறார்கள். அலங்கம் 52 நாளில் முடிந்தது.

இதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் கடவுளிடம் பேசினார். அடுத்து, எவருடைய அனுமதியும் உதவியும் இல்லாமல் வேலை நடக்காதோ அவரிடம். பின்பு தன் கண்ணால் உண்மை நிலையைப் பார்த்தார். கடைசியிலேயே ஊருக்குச் சொன்னார். எதிரிகளான சன்பல்லாத்தும் தொபியாவும் ஏளனம் செய்யத் தொடங்கியபோது வேலை செய்யும் கைகள் ஏற்கெனவே சேர்ந்திருந்தன. இதையே வள்ளுவர் வினைத்திட்பம் என்ற அதிகாரத்தில், "கடைக்கொட்கச் செய்தக்க தாண்மை இடைக்கொட்கின் எற்றா விழுமந் தரும்" என்றார்: செயல் முடிவில் வெளிப்படும்படி செய்வதே ஆளுமை, இடையில் வெளிப்பட்டால் நீங்காத துன்பம் வரும். நெகேமியாவை அறியாத உங்கள் அயலவரும் இந்தக் குறளை ஏற்றுக்கொள்வார். அதே நெகேமியா புத்தகத்தில் இன்னொன்றும் உண்டு. செமாயா என்பவன் தீர்க்கதரிசனம்போலப் பேசி, உயிருக்குத் தப்ப ஆலயத்துக்குள் போய் ஒளித்துக்கொள்ளும்படி அவரை அழைக்கிறான். அவன் எதிரிகளிடம் கூலி வாங்கியவன் என்பதை நெகேமியா உணர்ந்துகொள்கிறார். உங்கள் கனவைக் கேட்டவர்களில் எவராவது, "கர்த்தர் எனக்கு இப்படிக் காட்டினார்" என்று நாளைக்குச் சொல்லக்கூடும். அந்த வார்த்தையை மதியுங்கள், சோதித்தும் பாருங்கள். சொன்னவர் கெட்டவராக இருக்கவேண்டும் என்பதில்லை; அவருடைய பயமே அப்படிப் பேசியிருக்கலாம்.

மரியாளைப் பற்றி, "அந்தச் சங்கதிகளையெல்லாம் தன் இருதயத்திலே வைத்து, சிந்தனைபண்ணினாள்" என்று லூக்கா எழுதுகிறார். இந்த வசனத்தை மௌனத்துக்கு ஆதாரமாக எல்லாரும் காட்டுவார்கள். ஆனால் அதற்கு முந்திய அதிகாரத்திலேயே மரியாள் மலைநாட்டுக்கு விரைந்துபோய், முதிர்வயதில் கருவுற்றிருந்த தன் உறவினரான எலிசபெத்துடன் மூன்று மாதமளவும் தங்கியதை மறக்கக்கூடாது. தானும் அதேபோன்ற ஓர் அதிசயத்துக்குள் நின்றுகொண்டிருந்த, வயதில் மூத்த, பொறாமைப்படக் காரணமில்லாத ஒரு பெண் அவர். உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். முழு மௌனம் மனிதருக்கு நல்லதல்ல. ஆலோசனையில்லாமையால் எண்ணங்கள் சித்தியாமற்போகும் என்று நீதிமொழிகள் சொல்வதும் வேதவசனமே. எங்கள் வீடுகளின் வேலிக்குப் படலை ஒன்று இருப்பதுபோல உங்கள் மௌனத்துக்கும் ஒரு வாசல் இருக்கவேண்டும்.

அம்மாவின் பயத்தை நான் இலேசாகத் தள்ளிவிடமாட்டேன். எங்களூரில் கிறிஸ்தவ வீடுகளிலும் செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி நாவூறு கழிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருவரின் பார்வையில் இருந்து ஏதோ ஒரு சக்தி புறப்பட்டு உங்கள் வெதுப்பகத்தைக் கெடுக்கும் என்று விசுவாசி பயப்படத் தேவையில்லை. உங்களைக் காக்கிறவர் உறங்குவதில்லை என்று 121ஆம் சங்கீதம் சொல்வதை நம்புகிறவர்கள் நாங்கள். ஆனால் பொறாமையே இல்லை என்று வேதம் சொல்லவில்லை. ஆசாரியர்கள் பொறாமையினால் இயேசுவை ஒப்புக்கொடுத்தார்கள் என்பதைப் பிலாத்துகூட அறிந்திருந்தான் என்று மாற்கு எழுதுகிறார். பொறாமை வேலை செய்வது வாயாலும் கையாலும்: அப்பாவிடம் போய் "பெம்பிளைப் பிள்ளைக்கு இது ஏன்" என்று சொல்லும் வாய், உங்களுக்கு உதவ இருந்தவரின் மனதைக் கலைக்கும் வாய். அதற்கு எதிராகக் கவனமாக இருப்பது புத்தி. அதை அவிசுவாசம் என்று அழைக்க எனக்கு எந்த ஆதாரமும் தெரியவில்லை. விடுப்புக் கேட்பவர்களில் பெரும்பாலானோர் பகைவர்களும் அல்லர். உங்களைப் பற்றிய அக்கறையோடு கேட்டு, அதே அக்கறையோடு கனடாவிலுள்ள சித்திக்கும் சொல்லி, அன்று இரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஐந்து பேர் ஐந்து ஆலோசனை சொல்லும் நிலையை உண்டாக்கிவிடுவார்கள். அதன் பின்பு நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் விளக்கம் சொல்லியே களைத்துப்போவீர்கள். என் அனுபவத்தில், எதிர்ப்பினால் கைவிடப்பட்ட முயற்சிகளிலும் இப்படி விளக்கம் சொல்லிச் சொல்லிக் கைவிடப்பட்டவை அதிகம்.

உளவியல் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இணையத்தில் இதைப் பெரிதாக்கி எழுதுகிறார்கள். 2009இல் பீற்றர் கோல்விற்சர் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், தாம் என்னவாக வர விரும்புகிறோம் என்பதோடு ஒட்டிய நோக்கங்களைப் பிறர் அறிந்துகொண்டபோது, மாணவர்கள் அந்த நோக்கத்துக்காகக் குறைவாகவே உழைத்தார்கள். பிறர் அறிந்துகொண்டதே பாதி அடைந்துவிட்டதுபோன்ற நிறைவைத் தந்திருக்கலாம் என்பது அவர்களுடைய விளக்கம். ஆனால் 2016இல் 138 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வு, முன்னேற்றத்தைக் கவனித்துவருவதும் அதைப் பிறருக்கு அறிவிப்பதும் இலக்கை அடைய உதவுகின்றன என்று கண்டது. 2020இல் வெளிவந்த வேறோர் ஆய்வில், தம்மைவிட மேலான நிலையில் உள்ளவர் என்று தாம் கருதும் ஒருவரிடம் இலக்கைச் சொன்னவர்கள் அதில் கூடுதலான பற்றுறுதியோடு இருந்தார்கள். இந்த முடிவுகள் யாழ்ப்பாணத்துக் குடும்பச் சூழலுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். இருந்தாலும், "நான் வெதுப்பகம் தொடங்கப்போகிறேன்" என்று பலரிடம் அறிவிப்பதும், "இந்த மாதம் அடுப்புக்கு விலை விசாரித்துவிட்டேன்" என்று நீங்கள் மதிக்கும் ஒருவரிடம் கணக்குக் கொடுப்பதும் வெவ்வேறு செயல்கள் என்ற அளவில் எனக்கு அவை பயன்பட்டிருக்கின்றன.

இனி, எவருக்கு மறைக்கக்கூடாது என்பது. உங்கள் கனவின் செலவில் எவருக்குப் பங்கு உண்டோ, அவருக்கு அதை அறியும் உரிமையும் உண்டு. காணி அப்பாவின் பெயரில் இருந்தால், அல்லது சீதனமாகச் சகோதரிக்குப் போகவேண்டியதாக இருந்தால், அவர்கள் அறியாமல் அதில் ஒரு கல்லையும் வைக்காதீர்கள். நகையை அடகு வைப்பதானால் அது எவருடையதோ அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். கலியாணம் பேசி முற்றாகியிருந்தால், உங்களை மணக்கப்போகிறவருக்கு கலியாண எழுத்துக்கு (பதிவுக்கு) முன்பே சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு மாவு குழைக்க எழும்பும் வாழ்க்கையை அவரும் சேர்ந்து வாழப்போகிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பிரதேச சபையும் உங்களுக்கு நெகேமியாவின் ராஜாவைப் போன்றவர்கள்: அனுமதி தருகின்றவரிடம் நெகேமியா பேசியதுபோல, ஒளிவுமறைவில்லாமல், கணக்கோடு போய்ப் பேசுங்கள். அப்பாவிடம் எப்போது சொல்வது என்பதை இங்கிருந்து என்னால் தீர்மானிக்க முடியாது. முன்பு ஒருமுறை கொழும்பில் படிக்கப்போக நீங்கள் கேட்டபோது உறவினர்களின் கதையைக் கேட்டு அவர் மறுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், உறவினர்கள் சொல்லி அவர் இதைக் கேள்விப்படுவதற்கு முன்பு உங்கள் வாயால் கேட்பதே நல்லது என்று எனக்குப் படுகிறது.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே ஆகவேண்டும். மௌனத்தை நீங்களாகத் தேர்ந்துகொள்வது வேறு, இன்னொருவர் உங்கள்மீது சுமத்துவது வேறு. "இதை ஒருவருக்கும் சொல்லாதேங்கோ, சொன்னால் காரியம் பிழைச்சுப்போம்" என்று வெளிநாட்டுக்கு அனுப்புவதாகக் காசு கேட்கும் முகவர் சொன்னாலும், பங்குக்கு வரும் கூட்டாளி சொன்னாலும், காணிக்கை வைத்தால் ஆசீர்வாதம் இரட்டிப்பாகும் என்று ஊழியம் செய்கிற ஒருவர் சொன்னாலும், அன்றைக்கே நீங்கள் நம்பும் இரண்டு பேரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். ஏமாற்றுகிறவர்களுக்கு வேண்டியது உங்கள் இரகசியம். அதேபோல, மனதை அழுத்தும் துயரத்தையோ, வீட்டில் நடக்கும் துன்புறுத்தலையோ இந்தக் கனவு மௌனத்தோடு சேர்த்துப் பூட்டிவைக்க வேண்டாம். அவை உடனே வெளியே வரவேண்டியவை.

சொல்லாமல் இருப்பது பொய்யாகிவிடுமோ என்ற உங்கள் பயத்துக்கு 1 சாமுவேல் 10ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு சம்பவம் உண்டு. காணாமற்போன கழுதைகளைத் தேடிப்போன சவுல், தீர்க்கதரிசியான சாமுவேலிடம் ராஜாவாக அபிஷேகம் பெற்றுத் திரும்பும்போது அவனுடைய சிறிய தகப்பன், சாமுவேல் என்ன சொன்னார் என்று கேட்கிறார். கழுதைகள் அகப்பட்டன என்று சொன்னார் என்பதை மட்டும் சவுல் தெரிவிக்கிறான். ராஜ்யத்தைப் பற்றிச் சொன்னதை அவருக்கு அறிவிக்கவில்லை. வேதம் இதைப் புகழவுமில்லை, இகழவுமில்லை. ஆகவே இதைச் சட்டமாக்க நான் விரும்பவில்லை. ஆனால் கேட்கப்பட்ட எல்லாவற்றுக்கும் முழு விபரம் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் நாங்கள் அல்லர் என்பதற்கு இது நல்ல உதாரணம். எல்லை எங்கே என்றால், உண்மைக்கு மாறானதைச் சொல்லக்கூடாது. "ஒரு யோசினையும் இல்லை, கடை வேலையே போதும்" என்று மாமாவிடம் சொன்னால் அது பொய். "சில யோசினையள் இருக்கு மாமா, சரிவந்தால் சொல்லுறன்" என்றால் அது உண்மை, மரியாதையும் கெடாது. யாக்கோபு நிருபம் படிப்பிக்கும் "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச்சை முடிக்க வசதியான சொல்லாக அதைப் பயன்படுத்தாமல், உண்மையாகவே அப்படி எண்ணிச் சொல்லுங்கள்.

ஜெபக்குழு அக்காவின் கருத்தை நான் ஏற்கவில்லை. இயேசு அறைவீட்டுக்குள் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னார். குழுவுக்கு விபரம் கொடுக்காத ஜெபம் கேட்கப்படாது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. இரகசியம் காப்பதைப் பொறுத்தவரையும் ஒன்றைத் தெரிந்துவைத்திருங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடமுடியாது. அது திருச்சபைச் சட்டம். ஆனால் பூசை முடிந்து முற்றத்தில் நின்று சொல்லும் திட்டத்துக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. ஜெபக்குழுக்களில் பெரும்பாலும் எந்த ஒழுங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. கேட்டவர்களுடைய பண்பே காவல். மௌனத்தோடு விசுவாசம் ஒத்துப்போகுமா என்று சந்தேகம் வந்தால் தோலகட்டியை நினைத்துப்பாருங்கள். 1928இல் அங்கே தொடங்கப்பட்ட செபமாலைத்தாசர் சபைத் துறவிகள் மௌனத்தையும் செபத்தையும் கைவேலையையும் சேர்த்தே வாழ்ந்துவந்திருக்கிறார்கள். அவர்கள் செய்யும் நெல்லி இரசத்தை நாங்கள் எல்லோரும் குடித்திருக்கிறோம்.

ஆகவே அடுத்த கூட்டத்தில், "ஒரு முக்கியமான தீர்மானம் எடுக்கவேண்டியிருக்கு, அதுக்காக ஜெபியுங்கோ" என்று மட்டும் கேளுங்கள். மேலும் வற்புறுத்தினால், "நேரம் வரேக்க நானே சாட்சி சொல்லுவன் அக்கா" என்று சொல்லி அமைதியாக இருங்கள். வீட்டில் ஒரு கொப்பி வைத்து, செலவுக் கணக்கையும் ஜெபத்தையும் ஒரே பக்கத்தில் எழுதிவாருங்கள். மௌனத்துக்கு ஒரு முடிவுத் திகதியும் வையுங்கள், ஏனென்றால் முடிவில்லாத மௌனத்துக்குள் பயம் ஒளித்துக்கொள்ளும்: அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த கிழமை குடும்பத்தார் எல்லோருக்கும் சொல்வது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்பு சொல்லவேண்டிய மூத்தவர் ஒருவரை நீங்கள் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. வெதுப்பகமோ சிறு கடையோ நடத்திய அனுபவம் உள்ள, உங்கள் குடும்பத்தோடு பணக் கொடுக்கல்வாங்கல் இல்லாத, மற்றவர்களின் கதையை உங்களிடம் வந்து சொல்லாத ஒரு பெண்ணாகப் பாருங்கள். அந்த மூன்றாவது தகுதியை விட்டுக்கொடுக்காதீர்கள். பிறர் இரகசியத்தை உங்களிடம் கொண்டுவருகிறவர் உங்களுடையதையும் கொண்டுபோவார்.